கரடி போட்ட மரத்தரை

ஒரு காட்டில், செல்போன் சிக்னல் ஒரே ஒரு வழுக்குப் பாறையின் உச்சியில் மட்டும் கிடைக்கிற காட்டில், சடையப்பன் என்ற கரடி தன் மனைவி பூரணியோடு ஒரு குகையில் குடியிருந்தது. குகை நல்ல குகை. மழைக்கு ஒழுகாது, வெயிலுக்குக் கொதிக்காது. தரை மட்டும் மண் தரை. கரடி வம்சத்தில் அதுவரை யாரும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை.

பக்கத்து மலையில் பூரணியின் அண்ணன் வேலப்பன் தன் குகைக்கு டைல்ஸ் போட்டதும்தான் வினை ஆரம்பித்தது. புதுமனை விருந்தில் சொந்தமெல்லாம் கூடியிருந்தபோது மாமியார் கரடி போகிற போக்கில் சொன்னது:

"எம்மவன் வீட்டுத் தரையில முகம் பார்த்து முடி சீவிக்கலாம். மாப்பிள்ளை வீட்ல படுத்து எந்திரிச்சா, மேல ஒட்டுன மண்ணுல கத்தரிச் செடியே வைக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். சடையப்பனும் கூடச் சேர்ந்து சிரித்தது. ஆனால் திரும்பி வரும் வழியில் ஆற்றைக் கடக்கும்போது, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு பூரணியிடம் சொன்னது:

"நாம மரத்துல போடுறோம்."

"எதை?"

"தரையை. டைல்ஸெல்லாம் யார் வேணா போடலாம்."

காட்டில் தச்சு வேலைக்கு இருந்தது ஒரு மரங்கொத்தி. கேட்கும்போதெல்லாம் "நாளைக்குக் காலைல முதல் வேலை உங்க வேலைதாண்ணே" என்றது. மறுநாள் எங்கிருந்தோ டொக் டொக் என்று சத்தம் மட்டும் வரும். சத்தம் வந்த இடத்துக்குப் போனால் அங்கே பாதி வேலையும், தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் முயலோ நரியோ இருக்கும். மரங்கொத்தி இருக்காது.

"நானே போட்டுக்கிறேன்" என்றது சடையப்பன்.

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"மந்திக்கு என்ன தெரியும்? அது போடலையா?"

சடையப்பன் சொன்னது, செல்போனில் வீடியோ போடுகிற ஒரு மந்தியை. முதல்முறை செய்கிறவர்களும் மரத்தரை போடலாம் என்று அது ஒரு வீடியோ போட்டிருந்தது. சடையப்பன் வழுக்குப் பாறையில் ஏறி உட்கார்ந்து பார்த்தது.

"பலகை வந்ததும் உடனே ஆணி அடிக்காதீங்க நண்பர்களே" என்றது மந்தி. "கொஞ்ச நாள் வீட்டுக்குள்ளயே அடுக்கி வைங்க. வீட்டுக் காத்து அதுக்குப் பழகணும். அப்புறம் ரொம்ப முக்கியமான விஷயம். சுவரோரமா ஒரு விரல்..."

அந்த இடத்தில் சடையப்பன் நன்றாகக் கேட்பதற்காக முன்னால் சாய்ந்தது. பாறை பெயருக்கேற்ற பாறை. முள்ளுப் புதரிலிருந்து எழுந்து, மேலே ஏறி, போனைத் தேடி எடுத்தபோது மந்தி எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் புதுத்தரையில் பிள்ளைகளோடு குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தது. பின்னுக்குத் தள்ளிப் பார்க்கலாமென்றால் அதற்குள் சிக்னல் போய்விட்டது.

"சுவரோரமா ஒரு விரல்னா என்னவா இருக்கும்?" என்று வீட்டில் வந்து கேட்டது.

பூரணி யோசித்தது. "விரலை வச்சு அழுத்திப் பார்க்கணுமா இருக்கும். பலகைக்கும் சுவருக்கும் நடுவுல சந்து இருந்தா பூரான் வருமே."

சடையப்பனுக்கு அது நியாயமாகப் பட்டது.

யானைகள் நடத்தும் மரக்கடையிலிருந்து பலகைகள் வந்து இறங்கின. பழக விட வேண்டாமா என்று பூரணி கேட்டதற்கு, "பொண்ணா குடுக்குறோம், பழகிப் பார்க்க?" என்று சொல்லிவிட்டுச் சடையப்பன் சுத்தியலை எடுத்தது.

ஒவ்வொரு பலகைக்கும் ஒரு விளிம்பில் நாக்கு, மறு விளிம்பில் காடி என்கிற பள்ளம். இதன் நாக்கை அதன் காடிக்குள் விட்டுத் தட்டினால் இரண்டும் பிரியாமல் பிடித்துக்கொள்ளும். சடையப்பன் தட்டிய தட்டில் முதல் பலகையின் நாக்கு துண்டாகப் போனது. இரண்டாவதை மெதுவாகத் தட்டியது. அது சேர்ந்தது. கூடவே சடையப்பனின் தொடை மயிரும் உள்ளே போய்ச் சேர்ந்தது. பூரணி கத்திரிக்கோல் கொண்டு வந்து விடுவிக்க வேண்டியிருந்தது. அந்த வரிசையில் ஒரு கொத்து மயிர் கடைசிவரை புல் மாதிரி நின்றது.

ஆனால் மூன்று வரிசை முடிந்ததும் சடையப்பன் அதன் மேல் குப்புறப் படுத்துப் பார்த்தது. பலகை வழவழவென்று இருந்தது, மழைக்கு முந்தைய காடு மாதிரி மணந்தது. தன் கையால் ஒரு பொருள் நேராக வந்திருக்கிறது என்ற நினைப்பே அதற்குப் புதிதாக இருந்தது. எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டது. மரத்தூள்தான் என்று பூரணியிடம் சொல்லிக்கொண்டது.

சுவரோரம் வந்தபோது கடைசிப் பலகையை முதுகால் முட்டி உள்ளே திணித்தது. விரலை வைத்து அழுத்திப் பார்த்தது. ஓர் எறும்பு நுழைய இடமில்லை. திருப்தியோடு வெளியே போகப் பார்த்தால் கதவு திறக்கவில்லை. பலகையின் கனத்துக்குத் தரை உயர்ந்து கதவின் அடியைக் கவ்விக்கொண்டிருந்தது. பூரணி வெளியிலிருந்து ரம்பத்தால் கதவின் காலை அறுத்த பிறகுதான் வீட்டுக்காரர் வெளியே வந்தார்.

மாமியாரும் வேலப்பனும் இன்னும் நாலைந்து சொந்தங்களும் விருந்துக்கு வந்தார்கள். வேலப்பன் தரையைத் தட்டிப் பார்த்து, "பரவாயில்லையே மாப்பிள்ளை, நல்லாத்தான் போட்டிருக்கீங்க" என்று வேண்டா வெறுப்பாகச் சொன்னது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. மாமியார் ஒன்றும் சொல்லாதது சடையப்பனுக்குப் பட்டம் கட்டினதுபோல இருந்தது.

இலை போட்டுப் பரிமாறும்போது வெளியே மழை பிடித்துக்கொண்டது. காற்று ஈரமானது. அந்த ஈரத்தையெல்லாம் பலகைகள் குடித்தன. குடித்துப் பருத்தன. பருத்தவை நகரச் சுவரோரம் ஒரு விரல் இடம்கூட இல்லை. அதனால் மேலே வந்தன.

முதலில் பாயசம் நகர்ந்தது. வேலப்பனின் இலையில் ஊற்றிய பாயசம் தானாகப் பக்கத்து இலைக்குப் போனது. பிறகு இலையே போனது. நடு வீட்டில் தரை மெல்ல மெல்லப் பசுவின் முதுகுபோல எழும்பிக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளை, பூமி பிரசவிக்குது" என்றது மாமியார்.

"அது டிசைன் அத்தை" என்றது சடையப்பன். சொல்லும்போதே காது மடல் சூடாகிவிட்டது.

மாமியார் கரடி நம்பாமல் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து பார்த்தது. மேடு பணிந்து அடங்கியது. அடங்கிய வேகத்தில் வேலப்பனுக்குப் பின்னால் இன்னொரு மேடு எழுந்தது. வேலப்பன் அதன் மேல் உட்கார்ந்தது. கதவோரம் ஒன்று எழுந்தது. பூரணி ஓடிப்போய் அதில் உட்கார்ந்தது. ஆளுக்கொரு மேட்டில் சொந்தங்களெல்லாம் உட்கார்ந்து முடித்தபோது தரை ரசமட்டம் வைத்துப் பார்த்ததுபோல் சமமாக இருந்தது. பார்க்கவே அழகாக இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் வேலப்பன் கிளம்பப் பார்த்தது. எழுந்த இடத்தில் தரையும் எழுந்தது.

"மச்சான், இருங்க" என்றது சடையப்பன். "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போங்க."

கல்யாணமான நாளிலிருந்து அதன் வாயில் அப்படியொரு வார்த்தை வந்ததில்லை. மாமியார் கண்கலங்கிவிட்டது. "பார்த்தியா வேலப்பா, மாப்பிள்ளை மனசு. நான்தான் இத்தனை நாள் தப்பா நினைச்சுட்டேன்."

அன்று உட்கார்ந்தவர்கள் மழைக்காலம் முடியும்வரை கிளம்பவில்லை. ஒருவர் வெளியே போனால் அந்த இடத்தில் உட்கார, எடைக்குப் பெருங்கல் ஒன்றைக் கட்டிக்கொண்டு சடையப்பன் ஓடிவந்தது. மற்ற நேரமெல்லாம் தேனும் இலந்தையும் சுமந்து வந்து உட்கார்ந்த இடத்திலேயே கொடுத்தது. சொந்தங்கள் பெருத்தன. பெருக்கப் பெருக்கத் தரை இன்னும் நன்றாக அமர்ந்தது. சடையப்பன் எலும்பும் தோலுமாக ஆனது. இரவில் படுக்க இடமில்லாமல் வாசலில் மண்ணில் படுத்தது.

மழை விட்டது. வெயில் வந்தது. பலகைகள் உலர்ந்து ஒன்றுக்கொன்று விலகிப் பல்லிடுக்குகள்போல் சந்து சந்தாக நின்றன. இனி யாரும் உட்கார வேண்டியதில்லை.

"அத்தை, தரை சரியாயிடுச்சு" என்றது சடையப்பன்.

"எங்களாலதானே சரியாச்சு" என்றது மாமியார், நகராமல்.

"மச்சான், உங்க வீட்டு டைல்ஸெல்லாம் தூசி படிஞ்சு கிடக்குமே?"

"கிடக்கட்டும் மாப்பிள்ளை. அது சில்லுனு இருக்கு, உட்கார முடியல."

சடையப்பன் வாசலில் போய் உட்கார்ந்தது. வீட்டுக்குத் தன் கையால் தரை போட்டவன் வாசலில் உட்கார்ந்து அழுவதா என்று யோசித்தது. யோசித்துவிட்டுக் கொஞ்சம் அழுதது.

அப்போதுதான் உள்ளே மாமியார் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"வேலப்பா, இந்தச் சந்துக்கிட்ட மோந்து பாரு."

பலகைக்கு அடியில் மழை ஈரத்தில் கரையான் பிடித்திருந்தது. கொஞ்ச நஞ்சமில்லை, சுவருக்குச் சுவர் கரையான். கரடிகளுக்குக் கரையான் என்றால் உயிர். மாமியார் ஒரு பலகையைப் பெயர்த்தது. வேலப்பன் இன்னொன்றைப் பெயர்த்தது. நாக்கும் காடியுமாகச் சடையப்பன் கோத்ததெல்லாம் மடமடவென்று பிரிந்தது. எல்லோரும் தலைகுனிந்து வாய் குவித்து உறிஞ்சுகிற சத்தம் குகை முழுக்க நிறைந்தது.

"ஐயோ, என் தரை" என்று சடையப்பன் உள்ளே ஓடியது. பூரணி பக்கத்தில் இடம் ஒதுக்கி, "நல்ல கொழுத்த கரையாங்க. நீங்க சாப்பிட்டு நாளாச்சு" என்றது. சடையப்பன் கண்ணை மூடிக்கொண்டது. வாயை மட்டும் மூடவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் கரையான் அரித்த பலகையும் பொடிப்பொடியாகி மிஞ்சவில்லை, கரையானும் மிஞ்சவில்லை. சொந்தங்கள் ஏப்பம் விட்டு, முதல்முறையாக எல்லாம் ஒன்றாக எழுந்து நின்று, விடைபெற்றுக்கொண்டன. மாமியார் சடையப்பனின் கன்னத்தைத் தடவி, "வாழை இலையில போடுறவனைப் பார்த்திருக்கேன். வீட்டுத் தரையையே பரிமாறின மாப்பிள்ளையைப் பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டுப் போனது. மலை முழுக்க அதையே சொன்னது. சொந்தத்தில் யாருக்கும் அதற்குப் பிறகு சடையப்பனைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

சடையப்பன் குளிர்ந்த மண்ணில் கால் நீட்டிப் படுத்து, குறட்டை விட்டுத் தூங்கியது.

நீதி: விருந்தினர் கிளம்ப வேண்டுமென்றால் வீட்டில் தின்னக் கூடியது எதுவும் மிஞ்சக் கூடாது, தரை உட்பட.