பன்மை நோய்

உலகத்து உயிரினங்களில் 'நாங்கள்காரர்' என்று ஒரு வகை உண்டு. கொம்பு கிடையாது, வால் கிடையாது, கண்டவுடன் பிடிபடாது. வாயைத் திறக்கும்வரை பொறுத்திருக்கவேண்டும். தான் வேலைக்குப் போகும் வீட்டு முதலாளியின் காரியம் எதுவானாலும், அதைப் பன்மையில் சொல்வதுதான் இந்த இனத்தின் அடையாளம்.

எங்கள் ஈழத்துச் சனம் வீட்டு வேலைக்கென்று வந்து சேர்ந்த பலெர்மோவின், இத்தாலியின் தென்கோடிச் சிசிலித் தீவு நகரின், காற்றும் வெயிலும் இதற்கு நன்றாக ஒத்துக்கொள்கின்றன. லிபெர்த்தா வீதியில் ஒரு வக்கீல் வீட்டில் சமைக்கும் சறோஜா அக்காவிடம் சுகம் விசாரித்துப் பாருங்கள். "என்னத்தைச் சொல்ல, எங்கடை கொலைக் கேஸ் செப்ரெம்பருக்குத் தள்ளிப் போச்சு" என்பார். யார் யாரைக் கொன்றது என்று பதறக்கூடாது. அக்கா மீனுக்குத் தலை வெட்டுவதற்கே கண்ணை மூடிக்கொள்பவர். பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு சீமாட்டியின் மாளிகைக்கு யன்னல் துடைக்கப் போகிறவரோ, பஸ்ஸுக்கு நின்றபடியே, "எங்கடை வில்லாவுக்குக் கூரை மாத்தவேணும், இந்த வருசம் ஏலாது போலை" என்று பெருமூச்சு விடுவார். நீங்கள் ஆறுதல் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் கோபிப்பார்.

ஆனால் கலப்பில்லாத மாதிரி வேண்டுமானால், தொண்ணூறுகளின் நடுவில் மன்னார் ஏர்னஸ்ற்றைப் பார்த்திருக்கவேண்டும். புவிச்சரிதவியல் பேராசிரியர் கூசிமானோ வீட்டில் அவருக்கு வேலை. அந்த வீட்டில் புத்தகத்தைவிடக் கல்லே அதிகம். அலுமாரியில் கல், கட்டிலுக்கடியில் கல், குளியலறையில் சவர்க்காரம் என்று கையில் எடுத்தால் அதுவும் கல். எல்லாவற்றையும் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைப்பது ஏர்னஸ்ற்றின் பொறுப்பு. துடைக்கத் துடைக்க அறிவு கையால் ஏறித் தலைக்குப் போனதோ, அல்லது வெறும் தூசுதான் போனதோ, ஒரு கட்டத்தில் அவர் 'நாங்கள்' ஆகிவிட்டார்.

ஞாயிறு பூசை முடிந்தால் மாதா கோயில் முற்றத்தில் வகுப்புத் தொடங்கும். தூரத்தே தெரியும் பெல்லெக்ரீனோ மலையை நோக்கிக் கை நீளும்.

"உது மலையில்லை, விளங்குதோ? கடலுக்கை இருந்த மேடை. கார்பொனேற் பிளாட்ஃபோம். இருபது கோடி வருசத்துக்கு முந்தி இஞ்சை முழங்காலளவு இளஞ்சூட்டுக் கடல். சிப்பி, சங்கு, பாசி எல்லாம் செத்துச் செத்து விழுந்து கட்டின மேடை. அதிலைதான் நாங்கள் ஆராய்ச்சி."

"பிளாட்ஃபோமோ? அப்ப ரெயின் எத்தினை மணிக்கண்ணை?" என்று விக்னராஜா கேட்பார். விக்னராஜா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர், ஆகையால் யாருடைய பன்மையிலும் சேராதவர்.

"பகிடி விடாதையும். பிறகு தரை இழுபட்டுது. இழுபட்டு வெடிச்சுது. ஒரு துண்டு மேலை நிண்டிட்டுது, பக்கத்துத் துண்டு கீழை இறங்கிட்டுது. இறங்கின பள்ளத்துக்குப் பேர் பச்சீனோ. நானும் புரொபெசோரேயும் எத்தினை காலமாய் இந்தப் பச்சீனோவிலைதான் கிடக்கிறம், தெரியுமே?"

பச்சீனோ என்றால் இத்தாலிய மொழியில் படுகை. அதே சொல்லுக்குச் சின்ன முத்தம் என்றும் பொருள். இத்தாலியப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஏர்னஸ்ற்றின் மனைவி கிளறா, பூசைக்குப் போட்ட முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பகைகூட இரவல்தான். அந்த மேடை எப்போது வெடித்தது என்பதில் கூசிமானோவோடு முப்பது லட்சம் வருசம் மாறுபடும் இன்னொரு பேராசிரியர் ஊரில் இருந்தார். அவர் வீட்டில் மொறிசியஸ்காரர் கிருஷ்ணென் வேலை செய்தார். அதனால் ஏர்னஸ்ற்றும் கிருஷ்ணெனும் பஸ் தரிப்பிடத்தில் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். பேராசிரியர்கள் இருவருமோ அடிக்கடி ஒன்றாய் விருந்துண்டு, ஒருவர் தோளில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். அந்த விருந்துத் தட்டுகளை ஏர்னஸ்ற்றும் கிருஷ்ணெனும் முகம் பாராமல் பக்கத்தில் பக்கத்தில் நின்று கழுவினார்கள்.

இங்கே கொஞ்சம் இலக்கணம். கேட்பவரையும் சேர்த்தால் 'நாம்', ஒதுக்கினால் 'நாங்கள்' என்று தமிழ் நமக்கு இரண்டு கதவு வைத்திருக்கிறது. ஏர்னஸ்ற் இந்த விதியைப் பழுதில்லாமல் கடைப்பிடித்தார்: நாங்கள் என்றால் நானும் புரொபெசோரேயும், நீர் வெளியிலை நில்லும். இத்தாலியருக்கோ ஒரே கதவு. உள்ளே இருப்பவர்கள் யார் யார் என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது. அந்தச் சொல் என்ன தெரியுமா? 'நோய்.' நான் இட்டுக்கட்டவில்லை. இத்தாலிய மொழியில் 'நாங்கள்' என்பதற்கு 'நோய்' என்றே சொல்கிறார்கள்.

அந்த நோய் ஒரு வசந்தகாலத்து மதியம் சாப்பாட்டு மேசையில் முற்றியது. "எர்னெஸ்தோ, பெரிய செய்தி! வடக்கே ஒரு பல்கலைக்கழகம் கூப்பிடுகிறது. செப்ரெம்பரில் நோய் புறப்படுகிறோம்!" என்றார் பேராசிரியர். ஏர்னஸ்ற் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று பின்னேரமே கிளறாவிடம், "சாமானைக் கட்டும். நாங்கள் வடக்கை போறம்" என்றார்.

"உங்களையும் வரச்சொன்னவரோ?"

"அதென்ன கேள்வி? அவ்வளவு கல்லையும் அங்கை ஆர் துடைக்கிறது?"

"இஞ்சருங்கோ, வாயாலை ஒருக்கால் கேட்டுப்போட்டு வாங்கோவன்."

"இவ்வளவு காலம் பழகினாப் பிறகு அப்பிடிக் கேட்டால் புரொபெசோரேக்கு மனம் நோகும், கிளறா!"

பழைய நகரின் கால்சாப் பகுதியில் அவர்களுடையது மூன்றாம் மாடி. கடற்காற்று வரும், சேலை காயும், பால்கனியில் நான்கு பேர் தேத்தண்ணி குடிக்கலாம். பலெர்மோவில் எங்கள் சனத்துக்கு வாடகைக்கு அப்படி ஒரு வீடு அமைவது லேசான காரியமில்லை. அதை ஏர்னஸ்ற் விக்னராஜாவுக்குத் தூக்கிக் கொடுத்தார். கொடுக்கும்போது, "எங்களுக்கு இனி இது தேவைப்படாது" என்று ஒரு கொடைவள்ளலின் புன்னகையும் சேர்த்துக் கொடுத்தார். விக்னராஜா அதுவரை இருந்தது அதே ஒழுங்கையில், நிலமட்டத்தில், கதவையே யன்னலாகவும் பாவிக்கவேண்டிய ஓர் அறை. கோயில் சபை ஏர்னஸ்ற்றுக்குப் பிரியாவிடை வைத்தது. வடக்கின் குளிருக்கென்று கம்பளிக் கழுத்துச்சால்வை போர்த்தியது. ஓகஸ்ற் வெயிலில் அதைப் போர்த்துக்கொண்டு, வியர்வை ஒழுக ஒழுக, ஏர்னஸ்ற் பூமியின் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்தார்.

செப்ரெம்பரில் லொறி வந்தது. ஒவ்வொரு கல்லையும் பிள்ளைபோலப் பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்கியபின், ஏர்னஸ்ற் பணிவாகக் கேட்டார்: "புரொபெசோரே, நோய் எந்த ரெயினில்?"

பேராசிரியர் அவரை உண்மையாகவே விளங்காமல் பார்த்தார்.

"நோய்? எந்த நோய், எர்னெஸ்தோ?"

கெட்ட மனிதரல்ல. விளங்கியதும் முகம் சிவந்தது. அவசரமாக ஒரு பெட்டியைத் திறந்து கறுப்புக் கல்துண்டு ஒன்றை எடுத்து ஏர்னஸ்ற்றின் கையில் வைத்தார். "பச்சீனோவின் அடியிலிருந்து எடுத்தது. நினைவாக வைத்துக்கொள். எங்களிடம் இதில் இரண்டு இருக்கிறது" என்றார். பேராசிரியரின் மனைவி சிஞ்ஞோரா தன் பல் வைத்தியருக்கு ஆள் தேவை என்று விலாசம் கொடுத்தார். லொறி போய்விட்டது.

ஏர்னஸ்ற் கல்லோடு மூன்றாம் மாடி ஏறினார். விக்னராஜா கையில் தூரிகையோடு கதவைத் திறந்தார்.

"தம்பி, நாங்கள் போகேல்லை."

"ஆர் போகேல்லை? லொறி உந்த வீதியாலை போனதைப் பால்கனியிலை நிண்டு பாத்தனானே."

"புரொபெசோரே போட்டார். நான்... வீட்டைத் திருப்பித் தாருமன்."

"அண்ணை, சுவருக்குப் பெயின்ற் அடிச்சிட்டன். ஊரிலையிருந்து மனுசியும் வாற கிழமை வாறா. அந்தக் கீழறை சும்மாதான் கிடக்கு, திறப்பு இந்தாங்கோ." இதைச் சொல்லிச் சாவியை நீட்டும்போது விக்னராஜா சிரிக்கவில்லை. கதவை மெல்லச் சாத்திய பிறகு சிரித்திருக்கலாம்.

அந்த மாரியில் முதல் மழைக்கே ஒழுங்கையின் சேறெல்லாம் கீழறைக்குள் வந்து படிந்தது. கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளறா கேட்டார்:

"இஞ்சருங்கோ, ஒரு துண்டு மேலை நிண்டிட்டுது, ஒரு துண்டு கீழை இறங்கிட்டுது எண்டு சொல்லுவியளே. விக்னராஜா இப்ப பிளாட்ஃபோமிலையோ?"

ஏர்னஸ்ற் குனிந்து சேற்றை வழித்து வாளியில் போட்டார்.

"அப்ப நாங்கள்தான் பச்சீனோ" என்றார் கிளறா. அவர்களுடைய வாழ்க்கையில் ஏர்னஸ்ற்றையும் கிளறாவையும் மட்டும் சேர்த்த முதலாவது 'நாங்கள்' அதுவாக இருக்கலாம். பிறகு கிளறாவே இறங்கி, பேராசிரியர் தந்த கல்லை எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்.

ஏர்னஸ்ற் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? பல் வைத்தியரிடம் தரை துடைக்கப் போய் இரண்டாவது ஞாயிறு, கோயில் முற்றத்தில் சறோஜா அக்காவின் வாயை அண்ணாந்து திறக்கச் சொல்லி உற்றுப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "உதைப் பிடுங்கத் தேவையில்லை, அக்கா. உப்பிடியானதை நாங்கள் வேரைத் துப்புரவாக்கி அடைச்சு விடுறனாங்கள்."

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஒரு செங்கல்கூட உங்களுக்குச் சொந்தமில்லாத கொம்பனியைப் பற்றி "இந்த வருசம் எங்களுக்கு நல்ல லாபம்" என்று நீங்கள் சொன்னதில்லை. பதினொரு பேர் வெயிலில் ஓட, கதிரையில் சாய்ந்திருந்து "நாங்கள் வெண்டிட்டம்" என்று கூவியதில்லை. உங்கள் பெயரைக்கூடக் கட்சித் தலைவர் கேட்டிராதபோது நீங்கள், "நாங்கள் ஆட்சிக்கு வந்தால்" என்று தொடங்கியதும் இல்லை.

இருந்தாலும் ஒரு முன்னெச்சரிக்கைக்குச் சொல்கிறேன். அடுத்த தடவை அந்தச் சொல் வாயில் வரும்போது, வீட்டுத் திறப்பை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.