எல்லையண்ணன் போட்ட கோடு

ஒரு மனிதன் எங்கே இருக்கிறான் என்பதை அவன் காலைப் பார்த்துச் சொல்வதா, காகிதத்தைப் பார்த்துச் சொல்வதா? தத்துவ நூல்கள் இந்தக் கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் நழுவிவிடும். சென்சஸ் ஆபீஸின் வரைபடப் பிரிவில், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் இதற்குப் பதில் சொல்லியே மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். காகிதம்தான். இதிலென்ன சந்தேகம்?

எல்லைக்காரர்கள் என்றோர் இனம் உண்டு. உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர்கள்தான். வண்டி நிறுத்துமிடத்தில் அடுத்தவன் சக்கரம் மஞ்சள் கோட்டை மிதித்துவிட்டதா என்று குனிந்து பார்ப்பவர், ரயிலில் ஜன்னல் கம்பிகளை எண்ணித் தன் பங்கைப் பிரித்துக்கொள்பவர், மதிலுக்கு மேலே நீண்ட கிளையில் எந்த மாங்காய் யாருடையது என்று தீர்ப்புச் சொல்பவர். இவர்களெல்லாம் அரைகுறைகள். அந்த இனத்தின் முழு வளர்ச்சியைப் பார்க்க வேண்டுமென்றால் நம்மவரிடம்தான் வர வேண்டும். ஆபீஸில் அவருக்கு எல்லையண்ணன் என்று பெயர். கேலியாக வைத்ததுதான். அவர் அதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டார்.

பேருந்தில் போகும்போது ஓரிடத்தில் அவர் முதுகு தானாக நிமிரும். வலப்பக்கம் முள்புதர், இடப்பக்கம் அதே முள்புதர், நடுவே தார்ச்சாலைகூட நிறம் மாறியிருக்காது. பக்கத்து இருக்கையில் வாயைப் பிளந்து தூங்குகிறவரின் தோளைத் தட்டுவார்.

"சார், மாவட்டம் மாறிட்டோம்."

"ஐயோ, இறங்கணுமா?"

"இல்ல இல்ல. சும்மா, தெரிஞ்சுக்கத்தான்."

இரண்டு மாவட்டங்களுக்கு நடுவே ஓடிய ஆறு ஒரு வெள்ளத்தில் திசை மாறிப் போய்விட்டது. கோடு மட்டும் பழைய இடத்திலேயே, காய்ந்த மணலில் கிடக்கிறது. கோட்டைத் திருத்த வேண்டுமென்று ஊரே சொன்னது. எல்லையண்ணனுக்கோ ஆற்றின் மேல்தான் மனத்தாங்கல். "ஆறு பண்ணது சரியில்ல" என்பார், ஓடிப்போன சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

வீட்டில்? அவர் குடியிருந்த வீட்டில் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே சுவர் கிடையாது. அந்தக் குறையை அவரே நிவர்த்தி செய்துவிட்டார்: மூன்றாவது டைல்ஸ் வரிசையோடு ஹால் முடிகிறது. வெங்காயத் தோல் அதைத் தாண்டி வந்தால் ஊடுருவல்.

"அப்ப உங்க ஹால்ல சாப்பிட்ட தட்டு மட்டும் எப்படி என் ஏரியாவுக்குள்ள வருது?" என்று மனைவி கேட்டார். அதற்கு விதி இருக்கிறதா என்று அவர் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அவருடைய வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கணினித் திரையில் நிலமெல்லாம் சின்னச் சின்ன பிளாக்குகளாகக் கிடக்கும். ஆள்நெருக்கமான பிளாக் சிவப்பு, ஆங்காங்கே ஆள் இருந்தால் மஞ்சள், குடியே இல்லையென்றால் வெள்ளை. சிவப்பும் சிவப்பும் ஒட்டிக்கொண்டே போனால் அது நகரம்; அதைச் சுற்றி ஒரு கோடு. இந்தக் கோடும் மாவட்ட எல்லையும் ஒன்றல்ல. நகரம் பாட்டுக்கு மாவட்டம் தாண்டியும் பரவும். இரண்டையும் குழப்பியவர்கள் அவரிடம் ஒரு மதிய உணவு நேரத்தைப் பறிகொடுத்திருக்கிறார்கள். சரி, சிவப்புக்கும் சிவப்புக்கும் நடுவே வெள்ளை வந்துவிட்டால்? நகரம் அதைத் தாண்டலாம். ஆனால் சாலை வழியாக அளந்து, விதியில் சொன்ன தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்குத் 'தாண்டல்' என்று பெயர்.

இந்தத் தாண்டலில்தான் அவருடைய தங்கை வந்து மாட்டிக்கொண்டாள்.

தங்கையும் அவள் கணவரும் ஊருக்கு வெளியே, கைவிடப்பட்ட கல்குவாரிக்கு அந்தப் பக்கம், புதிதாக முளைத்த குடியிருப்பில் சின்னதாக ஒரு வீடு கட்டிப் போயிருந்தார்கள். வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டி, மாடிக்கு மேல் மாடி ஏறி, திரையில் பார்த்தால் ரத்தச் சிவப்பாக இருந்தது அந்த இடம். குறை ஒன்றுதான், தண்ணீர். குடிநீர்க் குழாய் பதிக்கிறவர்கள் எல்லையண்ணனின் கோட்டைப் பார்த்துத்தான் பதிப்பார்கள். கோட்டுக்கும் குடியிருப்புக்கும் நடுவே குவாரியின் வெள்ளை. சாலையோ குவாரியைச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்தச் சுற்றால், விதி அனுமதிக்கும் தூரத்துக்கு மேல் ஒரு தெருவளவு கூடிப்போனது.

புதிய கோடு போடும் வேலை தொடங்கிய வாரத்தில் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள்.

"அண்ணா, எங்க ஏரியாவ உள்ள போட்டுடேன்" என்றாள் தங்கை.

"உள்ள போடறதுக்கு அது என்ன காயவச்ச துணியா?"

"துணி துவைக்கத்தான் தண்ணி கேக்கறேன். குடம் தூக்கித் தூக்கி இடுப்பே கழண்டுபோச்சு, அண்ணி கிட்ட கேளு."

"என்னை எதுக்கு இழுக்கற? நான் மூணாவது டைல்ஸுக்கு இந்தப் பக்கம் இருக்கேன்" என்றார் அண்ணி.

தங்கையின் கணவர் பேருந்து நடத்துநர். வாய்ப்பேச்சில் கெட்டிக்காரர். "மச்சான், குவாரிக்குக் குறுக்கால ஒரு பாதை இருக்கு. எங்க ஏரியாப் பொம்பளைங்க பூரா குடத்தோட அதுலதான் போறாங்க, வர்றாங்க. அந்த வழியா அளந்து பாருங்க, கச்சிதமா வரும்."

"அது பாதை மாப்பிள்ளை. எனக்கு ரோடு வேணும்."

"ரோடுன்னா?"

"வண்டி போகணும்."

"அவ்வளவுதானா?" என்றார் நடத்துநர். அவர் முகத்தில் வந்த சிரிப்பை எல்லையண்ணன் கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நடத்துநர் ஸ்கூட்டரோடு வந்து நின்றார். பல வருஷமாகத் திரையில் மட்டுமே நிலத்தைப் பார்த்து வந்த மனிதர், தோல்பையை மடியில் அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். அடுத்து நடந்ததைப் பயணம் என்று சொல்வது ஸ்கூட்டருக்குச் செய்யும் உபகாரம். கல்லில் குதித்தது, பள்ளத்தில் இறங்கியது, ஒருமுறை வந்த திசையையே திரும்பிப் பார்த்தது.

"எல்லை தெரியுதா மச்சான்?"

"உயிரோட எல்லை தெரியுது. மெதுவாப் போங்க!"

பாதி வழியில், அவருடைய வரைபடம் வெள்ளையாகக் காட்டும் அதே இடத்தில், நகரத்துப் பக்கமிருந்து, பின்னாலேயே வரிசையாகப் பெண்கள் நிறைகுடங்களோடு வந்துவிட்டார்கள். "கொஞ்சம் ஒதுங்குங்க, தண்ணி சிந்திடும்" என்றார் ஒருவர். ஸ்கூட்டர் ஒதுங்கியது. எல்லையண்ணன் இறங்கி முள்ளில் நின்றார். இங்கே யாரும் குடியில்லை; சரிதான். யாரும் இல்லை என்று சொல்லலாமா? அந்த வரிசை முடியும்வரை அவர் குடங்களை எண்ணிக்கொண்டு நின்றார்.

அதற்கப்பால் கல்தூள் குவிந்த சரிவில் சக்கரம் புதைந்தது. நடத்துநர் முறுக்கினார், புகைதான் வந்தது.

"தள்ளுங்க மச்சான்!"

தள்ளினார். சட்டை, தோல்பை, மூக்கு எல்லாம் வெள்ளைத் தூளாக, மேலே ஏறும்வரை தள்ளினார்.

"பாத்தீங்களா, வண்டி வந்துடுச்சு!" என்று நடத்துநர் கையைத் தட்டினார்.

"வந்துச்சா, கொண்டுவந்தமா?" எல்லையண்ணனுக்கு மூச்சு வாங்கியது. "ஓட்டினா ரோடு. தள்ளினா பாதைதான் மாப்பிள்ளை."

பாதை முடியும் இடத்தில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும். வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போய், கால் கழுவ ஒரு குடத்தை எடுத்து வைத்தாள். அவர் பாட்டுக்கு மொண்டு மொண்டு ஊற்றிக் கழுவினார். பாதிக் குடம் காலியான பிறகுதான் அது எங்கிருந்து, எப்படி வந்த தண்ணீர் என்பது உறைத்தது. சொம்பைக் கீழே வைத்துவிட்டார். ஒரு கால் வெள்ளையாகவே இருந்தது.

திங்கட்கிழமை கோட்டை முடிக்க வேண்டும். மேலதிகாரி நல்லவர், விஷயமும் அவர் காதுக்கு வந்திருந்தது. "பாதைய ரோடுன்னு போட்டுத் தொலைங்களேன். யாரு போய்ப் பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே சார்" என்றார் எல்லையண்ணன்.

கோடு குவாரியின் இந்தப் பக்கத்தோடு நின்றது. குடியிருப்பு வெளியே.

இதைப் பெரிய நேர்மை என்று யாரும் மாலை போட வேண்டாம். பிடிவாதத்துக்கும் நேர்மைக்கும் நடுவே உள்ள எல்லையை இதுவரை எந்தத் துறையும் அளந்து முடிக்கவில்லை. தங்கை போனை எடுப்பதை நிறுத்தினாள். நடத்துநர் தன் பேருந்தில் அவரைப் பார்த்தால் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "உள்ள தள்ளிப் போங்க, உள்ள இடம் இருக்கு" என்று மட்டும் சொன்னார். வீட்டிலும் பேச்சு குறைந்தது. ஹால் முழுக்க வெங்காயத் தோல் கிடந்தது. அவர் அதைத் தாண்டித் தாண்டி நடந்தார்.

ஒரு மாதம் போயிருக்கும். எல்லையண்ணன், குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டுகிற, நகர எல்லைக்கு நன்றாக உள்ளே இருக்கிற தன் வாடகை வீட்டைக் காலி செய்தார். தங்கை வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு மாடிப் போர்ஷனுக்குக் குடி போனார். இப்போது தினமும் காலையில் இரண்டு குடங்களோடு அந்தப் பாதையில் நடக்கிறார். ஒன்று தன் வீட்டுக்கு, இன்னொன்று தங்கை வீட்டு வாசலில் வைப்பதற்கு.

ஏன் என்று கேட்காதவர் இல்லை. வாடகை குறைவு என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். மனசாட்சி உறுத்தல் என்றார் மேலதிகாரி. "எதுவா இருந்தா என்ன, தண்ணி தூக்க ஆள் வந்தாச்சு" என்றார் நடத்துநர். "கோட்ட நகர்த்த மாட்டாராம், வீட்ட நகர்த்துவாராம்" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் சாமான்களை முதலில் கட்டி வைத்தவர் அவர்தான். எல்லையண்ணனையே கேட்டால், குடங்களைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்.

நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று. யாராவது உங்களிடம் "எங்க குடியிருக்கீங்க?" என்று கேட்டால், தெருப்பெயரைச் சொன்ன கையோடு, யாரும் கேட்காமலே, "சிட்டிக்குள்ளதான்" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொள்கிற பழக்கம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால் சிரிப்பைக் கொஞ்சம் அடக்கிக்கொள்வது நல்லது.

அவராவது வீட்டை மாற்றினார்.