கொழும்பு பிளேனுக்குக் காத்திருந்த நான்கு கால்கள்

நாரணாபுரம்,
ஆவணி 23, 1963.

அன்பும் மரியாதையும் உள்ள விருதுநகர் அத்தை அவர்களுக்கு, உங்கள் அண்ணன் மகள் வள்ளித்தாய் கும்பிட்டு எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், ஆட்டுக்குட்டிகள் இரண்டு, எல்லோரும் சுகம். அங்கே மாமாவின் இருமலும் உங்கள் முழங்கால் வீக்கமும் வடிந்திருக்க அம்மன் துணை செய்யட்டும். அந்த முழங்கால் மட்டும் அன்றைக்கு உங்களைப் படுக்கப் போடாமல் இருந்திருந்தால் நீங்களும் எங்களோடு திருச்சிக்கு வந்திருப்பீர்கள், இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு செருப்பு. வலதுகால் செருப்பு. அதன் வார் அறுந்துபோய், நம் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குச் சுற்றுவோமே, அந்த மாதிரிச் சணலால் இழுத்துக் கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு ஜோடி பூட்ஸ். அதன் மினுமினுப்பில் மேலே ஓடுகிற மின்விசிறி தெரிந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான், அத்தை. மாப்பிள்ளையைப் பார்த்தாயா, பிடித்திருக்கிறதா, ஒரே ஒரு வரி எழுது என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைப் பார்க்க வந்தவர்கள் இரண்டு பேர், நாலு கால். அதில் எந்த இரண்டு கால் மாப்பிள்ளையுடையது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் ஒரு வரியில் எழுத முடியாமல் இருக்கிறது.

நடந்ததை அப்பா உங்களுக்கு ஒரு விதமாகவும் அம்மா ஒரு விதமாகவும் சொல்லி அனுப்பியிருப்பார்கள். நான் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். மாப்பிள்ளையையும் அவர் கூட வேலை செய்கிற ஒருவரையும் கொழும்பு முதலாளி ஏதோ அச்சு மெஷினைப் பார்த்துவர பம்பாய்க்கு பிளேனில் அனுப்பினார் என்பதும், திரும்பும்போது அவர்கள் விடியக்காலையில் திருச்சியில் இறங்கினால் கொழும்பு பிளேன் மத்தியானம்தான் என்பதும் நீங்கள் எழுதித்தான் எங்களுக்குத் தெரியும். நீங்கள் சும்மா சேதியாக எழுதினீர்கள். அப்பாவைப் பற்றித் தெரியுமே, சாப்பிடும்போது இடது கை சும்மா இருந்தால்கூட அவருக்குப் பொறுக்காது. கடிதத்தை மடிப்பதற்குள் தீர்மானம் பண்ணிவிட்டார். “மாப்பிள்ளைக்கும் லீவு இல்ல, சீசன் நேரத்துல நமக்கும் லீவு இல்ல. அவரு அங்கன அரை நாளு சும்மாதான உக்காந்திருக்கப் போறாரு? அதுலயே பொண்ணு பாக்குறதை முடிச்சிருவோம்” என்றார். அம்மா, “ஏரோட்ரோம்ல வச்சா? ஊரு சிரிக்காதா?” என்று கேட்டதற்கு, “ஊரு எங்க அங்க வருது?” என்று சொல்லிவிட்டார். கம்பெனி லாரி திருச்சிக்கு லோடு கொண்டுபோகிறது என்பதால் அதிலேயே எங்களை ஏற்றினார். மல்லிகைப் பூவை எவ்வளவு வைத்துக்கொண்டாலும் கந்தக வாடைதான் முன்னால் வந்தது.

ஏரோட்ரோமில் போய் இறங்கும்போது கிழக்கு வெளுத்திருந்தது. லாரி சரக்கை இறக்கக் கடைத்தெருப் பக்கம் போய்விட்டது. மாப்பிள்ளை வரும் பிளேன் தாமதம் என்றார்கள். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏனென்றால் ஒரு மூட்டை தீப்பெட்டி மரச்சீவலும் கிளி மார்க் லேபிளும் ஒரு சட்டி பசையும் எங்களுக்கே தெரியாமல் கொண்டுவந்திருந்தார். வராந்தாவில் பாயை விரித்து, “பிளேன் வர்ற வரைக்கும் ஒட்டுங்க” என்று எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். பட்டுச்சேலையும் தலைநிறையப் பூவுமாகப் பெட்டி ஒட்டினேன், அத்தை. காக்கிச் சட்டை போட்ட சிப்பந்தி ஓடி வந்தார். “யோவ், இது பிளேன் எறங்குற எடமா, இல்ல நீ குடிசைத்தொழில் நடத்துற எடமா?” என்றார். “பிளேன் வர்ற வரைக்கும் தரை சும்மாதானங்க கெடக்கு?” என்றார் அப்பா. அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வெட்கத்தில் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. ஆனாலும் கை பாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கைக்கு எங்கே வெட்கம்?

அப்புறம்தான் பிளேன் இறங்கி, கூட்டம் கலைந்து, அந்த நாலு கால்களும் வந்து எங்கள் பாயின் ஓரத்தில் நின்றன. நீங்கள் எனக்குச் சொல்லி அனுப்பிய புத்தி, “தலையை நிமிர்த்தாதே” என்பது. அம்மா வழிநெடுகச் சொன்னதும் அதுதான். நான் நிமிர்த்தவில்லை. அப்பா இரண்டு பேரையும் “வாங்க மாப்பிள்ளை, வாங்க தம்பி” என்றார். அதில் எது யாருக்கு என்று கீழே இருந்து தெரியவில்லை. அதுவும் அப்பா கொஞ்ச நேரத்தில் சிப்பந்தியையும் மாப்பிள்ளை என்று கூப்பிட்டார். பூட்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தது. செருப்பு தன்னைத்தானே கழற்றி வைத்துவிட்டு, வெறும் காலோடு எங்கள் பாயில் வந்து குந்திக்கொண்டது. “நாங்களும் சும்மாதான இருக்கோம், ஒரு கட்டு குடுங்க” என்று குரல் மட்டும் வந்தது. அப்பா பதறி, “அய்யய்யோ, வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டே ஒரு கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கை ஒட்டிய முதல் பெட்டியில் கிளிப்படம் தலைகீழாக இருந்தது. நான் அதை எடுத்து, லேபிளை உரித்து, நேராக ஒட்டி வைத்தேன். இரண்டாவது பெட்டியிலும் கிளி தலைகீழ். அதையும் எடுத்தேன். “கிளின்னு ஏன் சொல்லணும்? வவ்வாலு மார்க்குன்னு சொல்லி வித்துரலாம்ல?” என்றது குரல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பல்லைக் கடித்து அடக்கினேன். மூன்றாவது பெட்டியைக் கிளி சரியாக நிற்கும்படி ஒட்டி, என் பக்கமாகத் தள்ளி வைத்தார். அப்புறம் அவர் தப்பே பண்ணவில்லை. எதுவரை படித்தேன் என்று கேட்டார். அம்மா, “அஞ்சாங் கிளாசுதான். ஆனா வெடி சுத்துற பழைய பத்திரிகைத் தாளை ஒண்ணுவிடாமப் படிச்சிட்டுத்தான் சுத்துவா, அதுக்கே போர்மேன்கிட்ட ஏச்சு வாங்குவா” என்றார். “கதை பாதியில வெடிச்சுப் போயிருமே, மிச்சத்துக்கு என்ன செய்வீக?” என்று அவர் என்னைக் கேட்டார். ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. மிச்சத்தை நானே நினைத்துக்கொள்வேன் என்று சொல்ல வாயெடுத்தவள், அடுத்த பெட்டியைத்தான் எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து அப்பா கான்டீனில் காபி வாங்கி, நம் வீட்டுத் தம்ளர்களில் ஊற்றி, தட்டில் வைத்து, “மாப்பிள்ளைக்குக் குடு தாயி” என்றார். யாரென்று தெரியாவிட்டாலும் நாற்காலியில் இருக்கிறவருக்கு முதலில் கொடுப்போம் என்று தலைகுனிந்தபடியே பூட்ஸ் பக்கம் போனேன். “ரொம்ப அமைதியான புள்ளைங்க. இருக்குற எடமே தெரியாது. வாயத் தொறந்து ஒரு சொல்லு வராது” என்று அப்பா பின்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மாப்பிள்ளை கொழும்புக்கு எடுத்துப் போகட்டும் என்று அப்பா ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறைய வெடியும் மத்தாப்பும் கொண்டுவந்து, மேலே துண்டைப் போட்டு மூடி, நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அதன்மேல்தான் ஒரு பூட்ஸ் ஏறி உட்கார்ந்திருந்தது. நான் தட்டை நீட்டுகிறேன், என் தலைக்கு மேலே தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்கிறது.

அந்தச் சத்தம் நமக்கெல்லாம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் எழுந்து உட்காருவோம். போன வருஷம் எனக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து வேலை பார்த்த செல்லத்தாய் போனது ஒரே ஒரு பீடியால்தானே. எவனோ சுவருக்கு அந்தப் பக்கம் பற்றவைத்த பீடி. நான் யோசிக்கவே இல்லை. தட்டில் இருந்த இரண்டு தம்ளர் காபியையும் சத்தம் வந்த திசையில் வீசினேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஷெட்டில் கத்துகிற மாதிரி, “ஏலே, அணைலே! கொள்ளியிலயே போறவனே!” என்று கத்திவிட்டேன்.

பூட்ஸ் மேல் காபி சொட்டியது, பக்கத்தில் நனைந்த சிகரெட் ஒன்று விழுந்து கிடந்தது. நான் துண்டை இழுத்துப் பெட்டியைக் காட்டினேன். உடனே பூட்ஸ் இரண்டும் எம்பிக் குதித்துத் தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. “பொண்ணு அமைதின்னு சொன்னீகளே?” என்று அங்கிருந்து ஒரு குரல் கேட்டது. பாயில் குந்தியிருந்த கால்களின் விரல்கள் குலுங்கின. அவர் சிரித்தார் என்று நினைக்கிறேன். சிப்பந்தி மறுபடி ஓடி வந்தார், இந்த முறை வாளித் தண்ணீரோடு வந்தார், கொழும்புக்குப் போகவேண்டிய வெடி அத்தனையும் நனைந்தது. அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். லாரியில் திரும்பும்போது ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார். “மானம் கப்பலேறும்பாக. நம்ம மானம் பிளேன்லயே ஏறிப் போச்சு.”

இவ்வளவும் ஆன பிறகு மாப்பிள்ளையின் அம்மா உங்களுக்கு, “பையனுக்குப் பூரண சம்மதம், பெண்ணின் விருப்பத்தைப் புரட்டாசி பிறப்பதற்குள் தெரிவிக்கவும்” என்று எழுதியிருக்கிறார்கள் என்றதும் அப்பா துள்ளிக் குதிக்கிறார். எனக்குத் தலை சுற்றுகிறது. யாருக்குச் சம்மதம்? காபி குளித்தவருக்கா? பாயில் குந்தியவருக்கா? அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். “எந்த மாப்பிள்ளையின்னு கேக்குறா பாரு! அப்ப ரெண்டு பேரையுமா பாத்துக்கிட்டிருந்த?” என்று அடிக்க வந்துவிட்டார். சிவப்பாக, மீசையோடு, உயரமாக இருப்பவர்தான் என்றார் கடைசியில். நான் மீசையைக் கண்டேனா, உயரத்தைக் கண்டேனா? பூட்ஸா செருப்பா என்றால், “மாப்பிள்ளையோட காலையாடி பாப்பாக?” என்கிறார். நீங்கள் அனுப்பிய போட்டோவை எடுத்துப் பார்த்தேன். அது நெஞ்சு வரைக்கும்தான் இருக்கிறது.

யோசித்து யோசித்துப் பார்த்தேன். மாப்பிள்ளை என்றால் நாற்காலியில்தான் உட்கார்வார், பாயில் குந்திப் பெட்டி ஒட்டமாட்டார், அப்படியானால் பூட்ஸ்தான். ஆனால் பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது என்று அவர் அம்மா சத்தியம் பண்ணினார்களாமே, அப்படியானால் செருப்புத்தான். ஆனால் எந்த அம்மாதான் இருக்கிறது என்று சொல்வார்கள், அப்படியானால் மறுபடியும் பூட்ஸ். பூட்ஸ் போட்டது எனக்கு ஒரு குறையில்லை. முன்னும் பின்னும் பார்க்காமல் குச்சி உரசுகிற ஒருவரோடு ஆயுசு முழுக்க எப்படி இருப்பேன்? ஆகையால் நீங்கள் அந்த அம்மாவிடம், உங்கள் மகன் போடுவது பூட்ஸா செருப்பா என்று, வேறு பேச்சோடு பேச்சாக, சந்தேகம் வராமல் கேட்டுச் சொல்லவேண்டும். செருப்பு என்றால் எனக்குச் சம்மதம். பூட்ஸ் என்றால், அப்பா எவ்வளவு குதித்தாலும் சரி, சம்மதம் இல்லை. இதை அப்பாவிடம் நீங்கள்தான் சொல்லவேண்டும், எனக்கு வாய் வராது.

மாமாவுக்கு என் வணக்கம். சுக்குக் கஷாயத்தை மறக்காமல் கொடுங்கள். உங்கள் இருவர் பாதங்களையும் தொட்டுக் கும்பிடுகிறேன். பெரியவர்கள் ஆசீர்வாதம் இருந்தால் எல்லாம் நல்லபடி முடியும்.

இப்படிக்கு,
உங்கள் வள்ளித்தாய்.

பின்குறிப்பு: அத்தை, எழுதியதைத் திரும்பப் படித்தேன். நீங்கள் அந்த அம்மாவிடம் கேட்டு, அந்த அம்மா கொழும்புக்கு எழுதிக் கேட்டு, பதில் வருவதற்குள் விருதுநகர் முழுவதும் காலைப் பற்றித்தான் பேசும். மாப்பிள்ளையின் காலைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆகையால் இது உங்களிடம் வரவில்லை, நேரே அவரிடம் போகிறது. இதைப் படிக்கிறவர் செருப்புப் போட்டவராக இருந்தால், கடிதத்தை நீங்களே வைத்துக்கொண்டு, என் சம்மதத்தை அத்தைக்கு இரண்டு வரி எழுதிவிடுங்கள். பூட்ஸ் போட்டவராக இருந்தால், ஏலே என்றதற்கு மன்னிக்கவும், காபிக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன், கடிதத்தை விருதுநகருக்கு அனுப்பிவிடுங்கள். ஆகவே அத்தை, இதை நீங்கள் படித்துக்கொண்டிருந்தால் கல்யாணம் இல்லை. அப்பாவின் சட்டைப்பையில் இருந்த சீட்டைப் பார்த்து, உறைமேல் மாப்பிள்ளையின் பெயரையும் கொழும்பு விலாசத்தையும் எழுதிவிட்டேன்.