மாமாவுக்கும் ஓர் ஆட்டுத்தோல்

யாரைக் கண்டாலும் பத்து நிமிடத்துக்குள் "இவையள் எங்கட ஆக்கள் மாதிரித்தான்" என்று முடிவுகட்டிவிடும் வியாதி எனக்கு உண்டு. ஸ்டுட்கார்ட்டில் எங்கள் கீழ்வீட்டு அம்மா, நான் மாடிப்படி கூட்டிய வாரங்களில் கைப்பிடியை விரலால் தடவித் தூசி பார்ப்பார். எனக்கு அவர் அச்சு அசல் எங்கள் ஊர்க் கொக்குவில் மாமி. நாற்பத்திரண்டாம் இலக்கப் பேருந்தின் துருக்கிச் சாரதி சித்தப்பா. ஆஸ்பத்திரிச் சமையலறையில் என்னோடு வேலை செய்த போலந்துக்காரி யாட்விகா ஒருநாள் சொன்னாள்: "உனக்கு உலகத்தில் அந்நியர் என்று ஒருவரும் இல்லை. அதுதான் ஆபத்து." நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து இவருக்கும் சொன்னேன். இவர் "ம்" என்றார்.

இவர் என்றால் என் கணவர் சிவம். காருக்குப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஒரு நாளில் அவர் பேசும் சொற்களை ஒரு தேநீர்க் கோப்பையில் போட்டால் பாதிக் கோப்பை காலியாக இருக்கும். மிச்சத்தை நான் நிரப்புவேன். (நிரப்பி, வழிந்து, மேசையும் நனையும்.)

மருந்துக்கடைக்காரர் சும்மா தந்த நாட்காட்டி ஒன்று எங்கள் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் தொங்கியது. அதில் ஏப்ரல் மாதத்துக்கு ஒரு படம். செம்மண் வெளி, நடுவே கோபுரம் கோபுரமாக மூன்று பாறைகள், பின்னால் விடிகிற வெயில். அமெரிக்காவில் நவாஹோ பூர்வகுடி மக்களின் நிலத்தில் இருக்கிற பள்ளத்தாக்கு. அந்தப் படத்துக்காக இவர் தாளை மே மாதத்துக்குப் புரட்டவே இல்லை. எங்கள் கழிப்பறையில் ஏழு வருடம் ஏப்ரல்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் எங்களுக்கு ஜெர்மன் கடவுச்சீட்டுக் கிடைத்தது. லொஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் மச்சாள், இவருடைய தங்கை, ஓகஸ்ட் விடுமுறைக்கு வரச்சொன்னாள். பயணச்சீட்டு எடுத்த அன்று, சோற்றைப் பிசைந்துகொண்டே இவர் சொன்னார்:

"அந்தப் பள்ளத்தாக்கில ஒரு நாள் படுத்து எழும்போணும். விடியிறதைப் பாக்கோணும்."

பதினாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் இவர் தனக்கென்று கேட்ட முதல் விஷயம் இது. (சம்பலுக்கு உப்புக் கேட்டதைச் சேர்க்கவில்லை.) ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன். அங்கேதான் தொடங்கியது.

பயண முகவர் நிலையத்தில் ஃபிராவ் கெல்லர் என்ற அம்மா கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "ஓகஸ்ட்டுக்கு ஜூனில் வருகிறீர்களா? மற்றவர்கள் போன ஓகஸ்ட்டிலேயே வந்துவிட்டார்கள்" என்றார். விடுதியில் இடமில்லை, கூடாரம் அடிக்கும் இடத்திலும் இடமில்லை. கடைசியில் ஒரு பழைய கோப்பிலிருந்து தாள் ஒன்றை உருவினார். பள்ளத்தாக்குக்கு உள்ளேயே வாழும் ஒரு நவாஹோக் குடும்பம் தங்கள் ஹோகனில் விருந்தாளிகளைப் படுக்க விடுகிறதாம். ஹோகன் என்றால் மரமும் மண்ணும் வைத்துக் கட்டிய வட்டமான வீடு. அந்த மாதத்தில் ஒரேயொரு இரவு மட்டும் காலி.

மாலை ஐந்து மணிக்கு இங்கிருந்து எடுத்தால் அங்கே காலை ஒன்பது. தொலைபேசி அட்டையைச் சுரண்டி எண்ணை அழுத்தினேன். என் ஆங்கிலம், சமையலறையில் ஒரு பிலிப்பீன்ஸ்காரியிடமும் வீட்டில் தொலைக்காட்சியிடமும் நானே பிடுங்கிக்கொண்டது. இலக்கணம் குறைவு, ஓட்டம் அதிகம். அந்தப் பக்கம் எடுத்தவள் பெயர் ரூத். வயதான தாயோடும் ஆடுகளோடும் இருக்கிறாள். கேட்கக் கேட்க எனக்குப் புல்லரித்தது. வீட்டு வாசல் கிழக்குப் பக்கம்தான் வைப்பார்களாம். புதிய ஆளைச் சந்தித்தால் தாய்வழி என்ன, தகப்பன்வழி என்ன என்று முதலில் சொல்ல வேண்டுமாம். தாய் சொன்னால் வீட்டில் அப்பீல் இல்லையாம். இதைவிட என்ன வேண்டும்? என் தாய்வழி, தகப்பன்வழி எல்லாம் சொல்லி அட்டையில் பாதியைத் தின்றேன். அந்த இரவு எங்களுக்கென்று உறுதியானது.

"எங்கட ஆக்கள்தான்," என்று இவரிடம் சொன்னேன். "ம்," என்றார். ஆனால் அந்த "ம்" சற்று நீளமாக இருந்தது.

பறக்க மூன்று கிழமை இருக்கும்போது, சமையலறையில் மாட்டியிருந்த தமிழ் நாட்காட்டியில் ஏதோ விரதம் தேடப் போனேன். விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"இஞ்சாருங்கோ, மாமாவின்ர திவசம் இந்த முறை எப்ப எண்டு பாத்தனீங்களோ?"

இவர் எழுந்து வந்து பார்த்தார். தாளை ஒருமுறை தடவினார்.

"அண்டைக்குத்தான்."

"எண்டைக்கு?"

"அங்க படுக்கிற அண்டைக்கு." கொஞ்சம் பொறுத்து, "அப்ப அதை விடுவம்."

"திவசத்தையோ?"

"பள்ளத்தாக்கை."

இவருடைய அப்பா போய் அப்போது பதினெட்டு வருடம். கடைசி முகம் பார்க்க இவருக்குக் கிடைக்கவில்லை. அதனாலோ என்னவோ ஒரு திவசத்தையும் விட்டதில்லை. அகதி முகாமில் இருந்த வருடம்கூட யன்னல் விளிம்பில் பாணும் வாழைப்பழமும் வைத்துவிட்டு, காகம் வந்து கொத்தும்வரை தானும் சாப்பிடாமல் நின்றவர். பிறகு எங்கள் வீட்டுப் பல்கணிக்கு ஸ்டுட்கார்ட் காகங்களே வழக்கமாக வரத் தொடங்கிவிட்டன.

"ஒண்டையும் விடத் தேவையில்லை," என்றேன். "அங்கயே சமைச்சுப் படைப்பம். அவையள் பெரியாக்களை மதிக்கிற சனம். நான் கதைக்கிறன்."

"கேட்டுப்போட்டுச் சொல்லு," என்றார். அப்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

ரூத்திடம் காகத்தில் தொடங்கினேன்.

"உங்கள் இடத்துக்குக் காகம் வருமா?"

"பெரிய காகங்கள் இருக்கின்றன. ஏன், பயமா?"

"இல்லை. கட்டாயம் வேண்டும்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. உற்சாகம் ஏறி, ஹோகனுக்குள் ஒரு படம் வைத்து விளக்கேற்றலாமா, சோறு கறி படைக்கலாமா என்று அடுக்கினேன். யாருடைய படம் என்று கேட்டாள். "என் மாமனார். அவர் இறந்து பதினெட்டு வருடம். அன்றைக்கு வந்து சாப்பிடுவார்," என்றேன், நல்ல செய்தி சொல்லும் குரலில்.

சத்தமில்லை. அட்டை முடிந்துவிட்டதோ என்று நினைத்து, விளங்கட்டும் என்று இன்னும் உரக்க, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். இறந்தவர். உங்கள் வீட்டுக்கு. வருவார். சாப்பிடுவார்.

"தயவுசெய்து நிறுத்துங்கள்," என்றாள் ரூத், மிகத் தாழ்ந்த குரலில். "என் அம்மா பக்கத்தில் இருக்கிறார். மன்னியுங்கள். அந்த இரவை உங்களுக்குத் தர முடியாது." தொலைபேசி வைக்கப்பட்டது.

மறுநாள் ஃபிராவ் கெல்லரிடம் ஓடினேன். அவர் நிதானமாக ஒரு புத்தகத்தை எடுத்து வாசித்துச் சொன்னார். அந்த மக்களில் பழைய முறையில் வாழ்பவர்கள் இறந்தவர்களைப் பற்றிப் பேசுவதையே தவிர்ப்பார்களாம். ஒரு ஹோகனுக்குள் உயிர் போனால், அந்த வீட்டையே கைவிட்டு வேறு கட்டிக்கொள்வார்களாம். "நீங்கள் அவர்களுடைய படுக்கையறைக்கு ஒரு இறந்த மனிதரை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள்," என்று புத்தகத்தை மூடினார். (ஜெர்மன்காரரிடம் ஆறுதல் தேடிப் போகக் கூடாது. தகவல்தான் கிடைக்கும்.)

வீட்டுக்கு வந்தேன். இவர் கதவைத் திறந்துகொண்டே கேட்டார்.

"என்னவாம்?"

"ஓமாம்," என்றேன்.

ஒரு சொல்தான். அதற்குப் பிறகு நான் நித்திரை கொண்டதாக ஞாபகமில்லை. இவர் சின்னக் குத்துவிளக்கைச் சட்டைகளுக்கு நடுவே வைத்துப் பெட்டி அடுக்கினார். அப்பாவின் படத்தைத் துவாயில் சுற்றினார். அங்கே வாழையிலை கிடைக்காதே என்று யோசித்து, இலை மாதிரி அச்சடித்த தாள் தட்டு வாங்கி வந்தார். பேரங்காடியில் இவருடைய மேற்பார்வையாளர் என்னை மறித்து, "சிவம் எங்கள் எல்லோருக்கும் அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றிச் சொன்னார். இருபது நிமிடம் பேசினார்," என்றார். இருபது நிமிடம்.

நாலு மாலை தொடர்ந்து ரூத்துக்கு எடுத்தேன். நாலு மாலையும் பதிவுக்கருவிதான். பறக்க ஒன்பது நாள் இருக்கும்போது எனக்கு அந்த யோசனை வந்தது. மகள் தர்சினிக்குப் பதினைந்து வயது. கணினியில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடிக்கச் சொன்னேன். சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டு வந்தவள் நிறுத்தினாள்.

"அம்மா, அப்பப்பா செத்திட்டார் எல்லோ?"

"நீ எழுது."

"இது பொய்."

"ஒரு கிழமைக்கு மட்டும்தானே பிள்ளை."

"அப்ப காகம் ஏன் எண்டு கேட்டால்?"

அதை நான் யோசிக்கவில்லை. "அவருக்குப் பறவையள் எண்டால் உயிர் எண்டு போடு," என்றேன்.

கடிதம் இப்படி முடிந்தது: "என் ஆங்கிலம் மோசம். நான் சொன்னது பிழை. என் மாமனார் நல்ல சுகத்துடன் இருக்கிறார். அன்றைக்கு அவருடைய பிறந்தநாள். அவருக்குப் பறவைகள் என்றால் உயிர்." ஃபிராவ் கெல்லரின் ஃபாக்ஸ் இயந்திரம் தாளைக் கீச்சென்று உள்ளே இழுத்தது.

மூன்றாம் நாள் மாலை ஆறு மணி. நான் சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. ஒருநாளும் எடுக்காத மனிதர் அன்று எடுத்தார்.

"யேஸ். சிவம்." கொஞ்ச நேரம். "யேஸ்." இன்னும் கொஞ்ச நேரம். பிறகு, மெதுவாக, "மை ஃபாதர்?"

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் ஒரு கையைத் தூக்கி, வாகனத்தை மறிக்கும் பொலிஸ்காரர் மாதிரி என்னை நிறுத்தினார். முழுவதையும் கேட்டார். பிறகு தொலைபேசியின் வாய்ப்பக்கத்தை உள்ளங்கையால் பொத்தினார்.

"ரூத்தாம்."

"இஞ்ச தாங்கோ, நான் கதைக்கிறன்."

"அப்பா சுகமா இருக்கிறார் எண்டு கேட்டுச் சந்தோசப்பட்டவவாம்."

நான் வெங்காயக் கையைச் சட்டையில் துடைத்தேன்.

"அவவின்ர அம்மாவும் வயசான ஆள்தானாம். அவரையும் கூட்டிக்கொண்டு வரட்டாம். வெறுந்தரையில படுக்க ஏலாது எண்டு அவருக்குத் தனிய ஒரு ஆட்டுத்தோல் போட்டு வைக்கினமாம்."

தர்சினியின் அறைக்கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

இவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். இன்னொரு "யேஸ்" சொன்னால் போதும், பள்ளத்தாக்கு அவருடையது. ஏழு வருட ஏப்ரலும் விடியலும் அந்த ஒரு சொல்லில் இருந்தன. அது அவருக்கும் தெரிந்திருந்தது. கையை எடுத்தார்.

தன்னிடமிருந்த ஆங்கிலம் முழுவதையும் அன்று செலவழித்தார். இறந்துவிட்டார் என்பதற்குச் சொல் வராமல், "ஃபாதர் நோ," என்றார். "லோங் டைம் நோ. மை வைஃப் குட். லெட்டர் நொட் குட். சொறி." இவ்வளவு ஆங்கிலம் தெரிந்த நான் அந்த வீட்டுக்குள் இறக்கிய பயத்தை, தெரியாத அவர் இறக்கவில்லை.

உண்மை சொன்னதற்கு ரூத் நன்றி சொன்னாள். அந்த இரவு இனி இல்லை என்றாள். உங்கள் கடமையை உங்கள் ஆட்களோடு முடித்துவிட்டு, பிறகொரு பகலில் வாருங்கள், கோப்பி குடிக்கலாம் என்றாள்.

இவர் தொலைபேசியை வைத்தார். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். பதினாறு வருடத்தில் வாங்காத திட்டு எல்லாம் மொத்தமாக வரப்போகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பாவுக்குப் பறவை எண்டால் உயிரோ?" என்றார்.

நான் இன்னும் சுவரை விடவில்லை.

"அவர் கோழியைக் கண்டாலே மற்றப் பக்கத்தால போற மனுசன்."

தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் கிட்டப் போனேன். சிரிப்பு. கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரிப்பு. தர்சினி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

திவசத்தை மச்சாள் வீட்டில் செய்தோம். இருபது வருடத்துக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் ஒரே சமையலறையில் நின்று தகப்பனுக்குச் சமைத்தார்கள். அதன் பிறகு காரில் இரண்டு நாள் ஓடி, உச்சி வெயிலில் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்ந்தோம். ரூத்தின் தாயும் இவரும் ஒரு மரப்பந்தலின் கீழே கோப்பியோடு இரண்டு மணி நேரம் பேசாமல் இருந்தார்கள். இருவருக்கும் நன்றாகப் பொருந்திப்போனது. வெயில் சாய, அன்றிரவு தங்கப் பதிந்திருந்த ஒரு ஜோடி வந்து இறங்கியது. நாங்கள் எழுந்தோம். பாறைகள் அப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருந்தன. இவர் அங்கே விடியலைப் பார்க்கவில்லை, இன்றுவரை.

ஆனால் இந்தக் கதை வந்தால் எங்கள் வீட்டில் சொல்லுவது இவர்தான். கல்யாண வீடோ பிறந்தநாளோ, "ஆட்டுத்தோலைச் சொல்லுங்கோ அண்ணை," என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அந்தப் பேசாத மனிதர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார். நான் பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

போன மாதம் தர்சினி எல்லோருக்குமாக இத்தாலியில் விடுமுறைக்கு ஒரு வீடு எடுத்தாள். தொலைபேசியில் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறார்கள். அவள் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருக்க, சோபாவிலிருந்து இவருடைய குரல் வந்தது.

"அப்பப்பாவையும் சேர்த்துச் சொல்லு பிள்ளை. இல்லாட்டில் உன்ர அம்மா ஃபாக்ஸ் அடிச்சு ஆளை எழுப்பிப்போடுவா."