சூடானுக்குப் போன பாதிக் காது

ஸோஹாக்,
செவ்வாய்க்கிழமை.

நம் குடும்பத்தின் மூத்தவரும், ஊரில் நாலு பேர் எழுந்து நின்று வழிவிடும் மனிதருமான ஹாஜி கினாவி அண்ணன் அவர்களுக்கு, சித்தப்பா மகன் பஸ்யூனி ஸலாம் கூறி எழுதுவது. ஆண்டவன் அருளால் தாங்களும், அண்ணியும், பிள்ளைகளும், கன்று ஈன்று இருபது நாளான எருமையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் முழங்கால் வலியும் நலம்.

நிற்க. நம் விருந்துக் கூடத்து வாசலில் வருகிற வெள்ளிக்கிழமை பளிங்குக் கல் பதிக்கப் போகிறீர்களாம். அதில் ‘சூடான் போர் வீரர் ஹாஷிம் இல்லம்’ என்று வெட்டியும் ஆகிவிட்டதாம். அண்ணே, அந்தக் கல்லைப் பதிக்காதீர்கள். ஹாஷிம் உங்கள் தாத்தா, அவருடைய தம்பி அவத் என் தாத்தா. உங்கள் தாத்தா ஐந்து வருஷம் சூடானில் துப்பாக்கி தூக்கினார், என் தாத்தா பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்தபோது கோதுமைக் குதிருக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டார் என்று நூறு வருஷமாக ஊரே சொல்கிறது. போன பெருநாள் விருந்தில், என் புது மருமகன் பக்கத்தில் இருக்கிறான் என்றுகூடப் பாராமல், “குதிர் வீட்டுக்காரங்களுக்கும் ரெண்டு துண்டு கறி வைங்கப்பா” என்று பெருந்தன்மையாகச் சொன்னீர்கள். மருமகன் சிரித்தான். வாயில் இருந்த கறியை விழுங்கிவிட்டுச் சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். என் தாத்தாவும் எங்கேயாவது, எதற்காகவாவது துப்பாக்கி தூக்கியிருப்பார், அதைக் காகிதத்தோடு காட்டாமல் இனி அந்தக் கூடத்தில் கை நனைப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முப்பத்தொரு வருஷம் புவியியல் வாத்தியாராக இருந்து நைல் நதி எங்கே பிறக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு, சொந்தத் தாத்தா எந்த வீட்டில் பிறந்தார் என்று கண்டுபிடிக்க நாலு மாதம் ஆயிற்று. ஏழு தடவை கெய்ரோவுக்கு ரயில் ஏறினேன், ஏழு தடவையும் மச்சினி வீட்டில் தங்கி அவள் புருஷனுடைய அரசியல் பேச்சைக் கேட்டேன், இதற்கே எனக்கு ஒரு பதக்கம் தரலாம். ஆவணக் காப்பகத்தில் மேடம் நஜாத் என்று ஓர் அம்மா. மேசையில் ஒரு பக்கம் பதிவேடு, மறுபக்கம் முலுக்கியாக் கீரை. கீரையை ஆய்ந்துகொண்டே 1917ஆம் வருஷத்துக் குடிக்கணக்கை என் முன்னால் தள்ளினார். நம் கொள்ளுத்தாத்தா சல்மான் வீட்டுப் பக்கத்தை எடுத்தேன். மகன்கள் இரண்டே பேர். ஹாஷிம், பட்டாளத்தில் இருக்கிறார். கடைக்குட்டி ஸக்கி, வயது ஒன்பது. அவ்வளவுதான். அவத் என்று ஒருத்தர் பிறக்கவே இல்லை. எனக்குத் தலை சுற்றிவிட்டது. தாத்தாவே பிறக்காவிட்டால் நான் யார், இந்த முழங்கால் யாருக்கு வலிக்கிறது?

“பக்கத்து வீட்டப் பாருங்க வாத்தியாரே” என்றார் மேடம்.

“அது சல்மானோட தம்பி கலீல் வீடும்மா. அவருக்குப் பிள்ளையே கிடையாது.”

“காகிதத்துல இருக்கும். பாருங்க.”

இருந்தது. கலீலின் ஒரே மகன் அவத், விவசாயம், மனைவி ஃபஹீமா, இருவரும் வீட்டில் இருந்தனர்.

“ஒத்தப் பிள்ளையப் பட்டாளத்துக்குப் பிடிக்க மாட்டாங்கல்ல? அதான் பிள்ளையில்லாத சித்தப்பன் பேர்ல ஒண்ணு, விதவை அத்தை பேர்ல ஒண்ணுன்னு பிரிச்சு எழுதி வச்சிருவாங்க. உங்க பக்கத்துப் பதிவேட்டப் பாத்தா நாட்டுல யாருக்கும் அண்ணன் தம்பியே கிடையாதுன்னு தோணும்” என்றார்.

ஆக, என் தாத்தா குதிரில் இறங்க வேண்டிய அவசியம்கூட இல்லை, காகிதத்திலேயே தப்பியாயிற்று. கூனிக் குறுகிப்போனேன் அண்ணே. வெறுங்கையோடு போக வேண்டாமே என்று, உங்கள் தாத்தாவின் பட்டாளப் பதிவையாவது பார்ப்போம் என்று கேட்டேன். வந்தது. சிப்பாய் ஹாஷிம் சல்மான், 1914 முதல் 1919 வரை சூடான், வீரத்துக்கு ஒரு பதக்கம், ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட விடுப்பில் ஊர் திரும்பவில்லை. அங்க அடையாளம்: இடது காது பாதிதான் உண்டு, கழுதை கடித்தது.

யாருக்குப் பாதிக் காது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் உங்கள் தாத்தாவுக்கு முறம் மாதிரி இரண்டு காதும் முழுசாக இருக்கின்றன, தங்களுக்கும் அதே காதுதான். போனது அவத், அண்ணே. பட்டியலில் வந்தது அண்ணன் ஹாஷிமின் பெயர், அவரோ அழுது புரண்டிருக்கிறார், தம்பி அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு போயிருக்கிறார். கல்யாணமாகி நாற்பது நாள்கூட ஆகாத பெண்டாட்டியை விட்டுவிட்டு, திரும்பியே பார்க்காமல் ஐந்து வருஷம் சூடானில் வெந்திருக்கிறார். இதை மேடத்திடமும் சொன்னேன்.

“அப்ப கணக்கெடுக்க வந்தவன்கிட்ட, நான்தான் அவத்துன்னு சொன்னது யாரு?” என்று கேட்டார் மேடம்.

“வேற யாரு, ஹாஷிம்தான். அவரு பேருதான் சூடான்ல இருக்கே. தம்பி பேரைச் சொல்லிக்கிட்டுத் தம்பி வீட்டுல ஒளிஞ்சிருக்காரு. குதிருக்குள்ள எறங்குனது அவருதான்.”

மேடம் பதிவேட்டை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், கீரையைக் கையில் எடுத்துக்கொண்டார். “மாஷா அல்லாஹ். போதும் வாத்தியாரே, இதோட நிறுத்திக்குங்க” என்றார். எவ்வளவோ பேரைப் பார்த்த அம்மாவுக்கே என் உழைப்பைக் கண்டு பேச்சே வராமல் போய்விட்டது.

ஆகவே அண்ணே, கல்லில் ஹாஷிம் என்பதை அழித்து அவத் என்று வெட்டச் சொல்லுங்கள். படத்தையும் மாற்றுங்கள். அடுத்த பெருநாளில் முதல் தட்டு எங்கள் பக்கம் வரட்டும், தாங்கள் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் உட்காருங்கள், அங்கேயும் காற்று நன்றாகத்தான் வரும். முத்திரை போட்ட நகல்களைக் காப்பகத்திலிருந்து நேரே தங்கள் முகவரிக்கே அனுப்பச் சொல்லிவிட்டேன்.

அண்ணிக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு முத்தம், எருமைக்கு நல்ல தீனி. ஆண்டவன் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், உண்மையைத் தாங்கும் நெஞ்சையும் தருவானாக.

இப்படிக்கு,
சூடான் வீரர் அவத்தின் பேரன்,
பஸ்யூனி.

பின்குறிப்பு: உறையில் போடுமுன் கடிதத்தை என் மனைவி இன்ஷிராஹுக்குப் படித்துக் காட்டினேன். பட்டாணியை உரித்துக்கொண்டே முழுவதும் கேட்டாள். “மாமா எந்த வருஷம் பொறந்தாங்க?” என்று என் அப்பாவைப் பற்றிக் கேட்டாள். 1917 டிசம்பர் என்றேன். “அப்ப தாத்தா எங்க இருந்தாரு?” என்றாள். சூடானில் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன். அவள் பட்டாணியை எண்ணி எண்ணி உரித்தாள். என் அப்பாவுக்கும் முறம் மாதிரிக் காதுதான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அண்ணே, கல்லை அப்படியே பதியுங்கள். சூடானுக்குப் போனது ஹாஷிம்தான், கழுதை யாரை வேண்டுமானாலும் கடிக்கும். இந்தக் கடிதத்தைக் கிழித்துத்தான் போட்டிருப்பேன், ஆனால் நகல்கள் தபாலில் கிளம்பிவிட்டன, அண்ணியும் விரல் விட்டு எண்ணத் தெரிந்தவர். நகல்கள் வந்தால் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை நானே வந்து கல்லுக்கு ஒரு பக்கம் கை கொடுக்கிறேன். இனி குதிர் வீட்டுக்காரன் என்று என்னைத் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள், தங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறீர்கள்.