சிவப்பு விளக்கு

"அண்ணே, அது மெஷின். குனிஞ்சு வணக்கம் சொன்னாலும் மெதுவாப் போடாது," என்றாள், காசு போட்டால் மெஷின் பந்து வீசும் பேட்டிங் சென்டரின் கல்லாவில் இருந்த ஹருயோ.

கட்சுமாட்டா நிமிர்வதற்குள் அடுத்த பந்தும் அவரைத் தாண்டி வலையில் போய் விழுந்தது.

டயர் கடை பேஸ்பால் அணியில் இந்த சீசன் முழுக்க அவர் மட்டையில் பந்து பட்டதே இல்லை. ஆனால் சென்டாய் நகரத்தில் தங்கி வேலை பார்க்கும் மனைவி மிச்சியோவிடம் ஞாயிறுதோறும் போனில், "இன்னைக்கும் வெளுத்துட்டேன்," என்பார்.

"நான் வந்து பார்க்கட்டுமா?" என்பாள் அவள்.

"நீ பார்த்தா எனக்குக் கை நடுங்கும்," என்று தட்டிக்கழிப்பார். போனை வைத்ததும் வீடு வெறிச்சென்றிருக்கும். போன வாரம் அவளைப் பார்க்கும் ஏக்கம் தாங்காமல், "கடைசி மேட்சுக்கு வாயேன்," என்று சொல்லித் தொலைத்துவிட்டார்.

"மெதுவாப் பந்து வர்ற கூண்டுக்குப் போங்க," என்றாள் ஹருயோ. போனார். பந்து வருவதற்குள் மட்டையைச் சுழற்றி முடித்திருந்தார்.

"அப்ப வேகமான கூண்டு." அங்கே பந்து கட்டைவிரலைப் பதம் பார்த்தது.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பந்து கிளம்பும் முன் மெஷின் மேலே சிவப்பு விளக்கு எரிகிறது. விளக்கு எரிந்ததும் ஒரு மூச்சு, பிறகு வீச்சு. பந்துகள் பறந்தன. கட்சுமாட்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மைதானத்துல விளக்கு இருக்காதுண்ணே."

"வயித்தெரிச்சல் படாதே, ஹருயோ."

கடைசி மேட்ச் நடந்த ஞாயிற்றுக்கிழமை எதிரணிக்காகப் பந்து வீசியவர் டோஃபு கடைக்காரர். அவர் பந்து வந்து சேர்வதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். கட்சுமாட்டா அந்த டீயைக் குடிப்பவர்போலத்தான் நின்றார். உடம்பு விளக்குக்காகக் காத்திருந்தது. மூன்று பந்துக்கும் மட்டை தோளைவிட்டு இறங்கவே இல்லை.

"அவுட்," என்றார் நடுவர் நகாடாய்.

கட்சுமாட்டா மெல்லப் பார்வையாளர் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். மிச்சியோவுக்காக விடியற்காலையிலேயே குஷன் போட்டுவைத்த இடம் காலியாக இருந்தது.

"வரலை," என்றார் தனக்குத்தானே. மானம் தப்பியது. "பார்த்துச் சிரிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லை. ஒரு தடவை முகத்தைப் பார்த்திருப்பேன்."

நடுவர் முகமூடியைக் கழற்றினார்.

"உங்க சம்சாரத்தையா தேடுறீங்க? பெஞ்சுல என்னைக்கு உட்கார்ந்தாங்க? அதோ, எல்லா ஞாயித்துக்கிழமையும் மாதிரி இன்னைக்கும் அந்தத் தண்ணித்தொட்டிக்குப் பின்னாடிதான் நின்னு கைதட்டுறாங்க. அவங்க பார்க்கிறது தெரிஞ்சா உங்களுக்குக் கை நடுங்குமாமே?"