பூக்கக் கூடாத மரங்களும் பூச்சி சாரும்

கம்பளிப்பூச்சி செத்ததற்காக அரை நாள் லீவு கேட்ட மனிதர் ஹைதராபாத் வரலாற்றிலேயே பூச்சி சார் ஒருவர்தான். காரணம் என்ற இடத்தில் 'மனசு சரியில்லை' என்று எழுதியிருந்தார். எங்கள் மேனேஜர் பாவம், யாரோ சொந்தக்காரர் தவறிவிட்டதாக நினைத்து மாலையோடு துக்கம் விசாரிக்கப் போய்விட்டார்.

ஹப்சிகுடாவில் இருந்த அந்தக் கம்பெனியில் நான் அறிக்கைகளைச் சரிபார்த்துத் தட்டச்சு செய்பவன். மரபணு மாற்றிய தைல மரங்களை வளர்த்துப் பார்ப்பது கம்பெனியின் வேலை. இலையைத் தின்கிற புழு செத்துப்போகும். மரம் பூக்காது, அதனால் மகரந்தம் வேலி தாண்டிப்போய் ஊர் மரங்களோடு கலக்காது. அப்படித்தான் விளம்பரத் தாளில் அச்சடித்திருந்தோம். நகரத்துக்கு வெளியே, கம்பி வேலிக்குள் ஒரு சோதனைத் தோப்பு. அங்கே என்னென்ன உயிர்கள் வந்துபோகின்றன என்று எண்ணுவது பூச்சி சாரின் உத்தியோகம். ஊர் திருநெல்வேலிப் பக்கம். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

மரத்தடியில் வெள்ளைத் துணியை விரித்துக் கிளையைக் கம்பால் தட்டுவார். விழுவதையெல்லாம் எண்ணுவார். வீட்டுப் படுக்கை விரிப்புகள் ஒவ்வொன்றாகத் தோப்புக்குப் போகவே, அவர் மனைவி சைனிக்புரியிலிருந்து ஆட்டோ பிடித்து ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"வெறும் பாய்ல கெடக்கேன். இந்த மனுசனுக்கு ஒரு துணி குடுக்க மாட்டியளா?"

"பூப்போட்ட விரிப்ப நான் தொடலியே. அதுல பூச்சி தெரியாதுல்லா" என்றார் பூச்சி சார், பெரிய சலுகை காட்டியவர்போல.

மூன்றாவது வருடம் துணியில் விழுவது குறைந்துபோயிற்று. புழு இல்லை. அதற்காகத்தானே மரத்தை மாற்றியது. ஆனால் சிலந்தியும் இல்லை, வண்டும் இல்லை, அவற்றைத் தேடிவரும் குருவியும் இல்லை.

"கல்யாண மண்டபத்துல பந்திய நிறுத்துன மாதிரி இருக்கு வே. ஒருத்தனயும் காணோம்" என்றார் என்னிடம்.

"அறிக்கையில எப்படி சார் எழுத?"

"அப்படியே எழுதும்."

எழுதினேன். மேனேஜர் அதை 'எண்ணிக்கையில் சிறிய மாற்றம்' என்று திருத்தினார்.

அந்த வருடக் கோடையில் ஒரு தேன்சிட்டு அங்கே கூடு கட்டியது. அந்தத் தோப்பின் முதல் கூடு. வேலிக்கு வெளியே போய்ப் போய் இரை தேடி வந்து, இரண்டு குஞ்சுகளை வளர்த்தது. குஞ்சு பொரித்த அன்று பூச்சி சார் ஆபீஸ் முழுக்க உஸ்மானியா பிஸ்கட் கொடுத்தார். "ஆணா பெண்ணா?" என்று கேட்டு நாங்கள் சிரித்தோம்.

நாலே நாளில் தோப்பிலிருந்து போன். "வே, பூத்துட்டு."

"எது சார்?"

"பூக்காதுன்னு அச்சடிச்சீரே, அது. உச்சியில தேனீ மொய்க்கி."

ஐந்து மரங்கள் பூத்திருந்தன. கூடு இருந்த மரமும் அவற்றில் ஒன்று. பூவைக் கண்டால் மொத்தத் தோப்பையும் உடனே வெட்டி எரிக்க வேண்டும் என்பது விதி. வேலிக்கு அந்தப் பக்கம் விவசாயிகளின் சாதாரணத் தைல மரங்கள் நின்றன.

மேனேஜர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் இருந்தேன். "ஒரு மாசம் யாருக்கும் சொல்ல வேண்டாம் சார். நம்ம சோதனையும் முடிஞ்சிடும். உங்க குஞ்சுகளும் பறந்திடும்."

 பூச்சி சார் என் பக்கம் திரும்பினார். "ரெண்டு குஞ்சுக்காவ ஊரு மரத்தயெல்லாம் கெடுக்கப்பிடாது வே. எழுதும். நான் கையெழுத்துப் போடுதேன்."

வெட்ட ஆள் வந்த அன்று காவலாளி பூச்சி சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "காய்கூ சாப்? பச்சே ஹை நா!" ஏன் சார், குஞ்சுகள் இருக்கின்றனவே என்று கேட்டார். பூச்சி சார் கூட்டைக் கிளையோடு அறுத்து, வேலிக்கு வெளியே ஒரு வேப்ப மரத்தில் கட்டினார். தாய்ச் சிட்டு திரும்பி வந்தது. மரம் நின்ற இடத்தின் வெற்று வெளியையே சுற்றிச் சுற்றி வந்தது. வேம்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இங்க வாட்டி... இங்கனதான் இருக்கு" என்று பூச்சி சார் வேம்படியில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினார். பின்னால் தோப்பு எரிந்துகொண்டிருந்தது. அன்று யாரும் சிரிக்கவில்லை.

குஞ்சுகளைச் செருப்புப் பெட்டியில் வைத்து எடுத்து வந்தார். பகலெல்லாம் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடுக்கியால் குட்டிச் சிலந்தி ஊட்ட வேண்டும். ஆபீசே சிலந்தி வேட்டையில் இறங்கியது. சைனிக்புரியில் ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் தன் கார் ஷெட்டைத் திறந்துவிட்டு, "நான் இடது மூலை, நீங்கள் வலது மூலை" என்று உத்தரவு போட்டாராம். மேனேஜர் ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து பூச்சி சார் மேசையில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரு குட்டிச் சிலந்தி.

மூன்றாம் நாள் ஒன்று போயிற்று. ஐந்தாம் நாள் காலை பூச்சி சார் ஆபீஸ் வாசலிலேயே எங்களை நிறுத்தினார். கண்கள் சிவந்திருந்தன. "இனிமே வேண்டாம். பிடிச்சத எடுத்த எடத்துலயே விட்டுருங்க."

கம்பெனி தன் ஹைதராபாத் கிளையை மூடியது. நாங்கள் ஆளுக்கொரு பக்கம் போனோம்.

என் வீட்டு ஜன்னல் மூலையில் ஒரு சிலந்தி வலை உண்டு. மனைவி ஒட்டடைக் கம்போடு வந்தால், "இருக்கட்டும், பூச்சி சார் கேட்பார்" என்று தடுத்துவிடுகிறேன். அவர் காலமாகி இரண்டு வருடமாகிறது என்பது, சொல்லி முடித்த பிறகுதான் ஒவ்வொரு தடவையும் எனக்கு நினைவு வருகிறது.